தனியாகப் போன தீவுப் பயணம்



2025 மே மாதம் கோடை விடுமுறையில் நான் பாம்பன் தீவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், தனுஷ்கோடி எல்லாமே அந்த ஒரே தீவில்தான் இருக்கின்றன. நம் வகுப்பில் பாதிப் பேர் கோயிலுக்காக ராமேஸ்வரம் போயிருப்பீங்க. ஆனா நான் போனது தனியா. அதனாலதான் இதை எழுதுகிறேன்.

தனியா போகணும்னு நான் ஆசைப்பட்டுப் போகல. என் சித்தி பாம்பனில் இருக்காங்க. சித்தப்பா முன்னாடி நம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். அப்புறம் சொந்த ஊருக்கே போய் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார். வருஷா வருஷம் அம்மாவும் நானும் சேர்ந்து போவோம். இந்த வருஷம் அம்மாவுக்கு ஷிப்மென்ட் நேரம், லீவு கிடைக்கல. அப்பா தோல் ஷாப்பில் டிரம் பார்க்கிறவர். அவரும் விட்டுட்டு வர முடியாது.

பாட்டி சொன்னாங்க, "பொட்டப்புள்ள தனியா ராத்திரி ரயில்ல போறதாவது! ஒண்ணும் வேணாம்."

அப்பா ரெண்டு நாள் பேசாம இருந்தார். மூணாம் நாள் டிக்கெட்டோடு வந்தார். "படிச்ச பொண்ணுதானே, போய்ட்டு வரட்டும்"னு மட்டும் சொன்னார். பாட்டி அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

ரயிலில்

காட்பாடியில் மத்தியானம் திருப்பதி - ராமேஸ்வரம் ரயில். அப்பா டி.டி.ஆர் கிட்ட சொல்லி, எதிர் சீட்டில் இருந்த குடும்பத்துக்கிட்டயும் சொல்லிட்டு இறங்கினார். ரயில் கிளம்பினதும் அவர் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனா அழல.

என்னிடம் இருந்தது ஒரு பை, சித்திக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, ஒரு பட்டன் போன். எதிர் சீட்டு அம்மா மூணு தடவை, "உன்ன யாரும் கூட்டிட்டு வரலியா?"ன்னு கேட்டாங்க. மூணு தடவையும் "இல்லைங்க, நான் தனியாதான் போறேன்"னு சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது குரல் சின்னதா இருந்தது. மூணாவது தடவை நல்லா சத்தமாவே வந்தது.

விடியறதுக்கு முன்னாடி ரயில் ரொம்ப மெதுவா போச்சு. சக்கரச் சத்தமே மாறிடுச்சு. ஜன்னல் வழியா உப்புக்காத்து. கீழே பார்த்தா ஒரே இருட்டு, தூரத்தில் சின்னச் சின்ன விளக்கு. கடல் மேல போறோம்னு அப்பதான் புரிஞ்சது. ராமேஸ்வரத்தில் சித்தப்பா காத்துக்கிட்டு இருந்தார்.

நிற்கும் படகுகள்

காலையில் பாம்பன் கடற்கரைக்குப் போனால் விசைப்படகு எல்லாம் வரிசையா கட்டிக் கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுகள் மட்டும் போகலாம். சித்தப்பா வலை பின்னிக்கிட்டு இருந்தார். "மீனுக்கும் லீவு, எனக்கும் லீவு"னு சிரிச்சார். ஆனா சித்தி சிரிக்கல. தடைக்காலத்தில் வீட்டுச் செலவு கஷ்டம். தடை முடிஞ்சா வேற கவலை. எல்லை தாண்டினாங்கன்னு இலங்கைக் கடற்படை படகோடு பிடிச்சிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். "உங்க சித்தப்பா திரும்பி வந்து செருப்ப வாசல்ல விடுற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது"ன்னு சித்தி சொன்னாங்க.

எனக்கு முதல் நாள் கருவாட்டு வாசனை தாங்கல. மூக்கைப் பொத்தினேன். சித்தி, "உங்க ஊருக்கு வர்றவங்க தோல் நாத்தம்னு மூக்கப் பொத்துறாங்கல்ல, அது மாதிரிதான்"னாங்க. ரெண்டாம் நாள் அந்த வாசனையே எனக்குத் தெரியல.

இல்லாத ஊர்

மூணாம் நாள் தனுஷ்கோடி. சித்தப்பா ராமேஸ்வரத்தில் பஸ் ஏத்திவிட்டு, கண்டக்டர் அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினார். சித்தப்பாவோட அம்மாவை நான் கூப்பிட்டேன். அங்க எல்லோரும் அவங்கள அப்பத்தான்னுதான் கூப்பிடுறாங்க. "நீ போய்ட்டு வா தாயி. நான் அங்க போறதில்ல"னு சொல்லிட்டாங்க.

காரணம் முந்தின நாள் ராத்திரியே சொல்லியிருந்தாங்க. அவங்க பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் வரும். அங்கிருந்து கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

"எனக்கு அப்ப பதினாலு வயசு. எங்கய்யா எங்கள மணல்மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. விடிஞ்சு பாத்தா ஊரு இல்ல. என் கூடப் படிச்ச புள்ளைகளும் இல்ல."

பதினாலு வயசு என்றதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கும் பதினாலுதான்.

அதற்குப் பிறகு அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் சில மீனவக் குடும்பங்கள் ஓலைக்குடிசை போட்டு இருக்கிறார்கள். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. 2017-இல் திறந்தார்கள். சாலைக்கு ரெண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் அமைதியா பச்சையா இருக்கு, அதைப் பெண்கடல் என்கிறார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அலை அடிச்சுக்கிட்டே இருக்கு, அது ஆண்கடல். வடகிழக்குப் பருவமழை வந்தால் பெண்கடல்தான் சீறும்னு சித்தப்பா சொன்னார். 1964-இல் வந்ததும் அந்த மாசத்தில்தான்.

மாதா கோயிலின் சுவர் மட்டும் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லால் கட்டினது. கல்லில் சின்னச் சின்ன ஓட்டை, தேன்கூடு மாதிரி. எல்லோரும் அங்கே செல்பி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு ஓரமா நின்னு, இங்கதான் அப்பத்தா விளையாடியிருப்பாங்கன்னு நினைச்சேன். முனையில் நின்று பார்த்தால் தண்ணீர் மட்டும்தான். அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். நம்ம ஊரிலிருந்து குடியாத்தம் போகிற தூரம்தான் இருக்கும், ஆனால் வேறு நாடு!

ஊத்துத் தண்ணீர்

இதுதான் எனக்கு மறக்கவே முடியாதது. குடிசைக்கு முன்னால் ஒரு அக்கா மணலில் குழி தோண்டியிருந்தாங்க. இடுப்பு ஆழம்கூட இல்லை. அதிலிருந்து கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தில் ஊத்தினாங்க. "குடிச்சுப் பாரு"ன்னு கொடுத்தாங்க. இனிப்பு! நாலு பக்கமும் உப்புக்கடல், நடுவில் நல்ல தண்ணி.

எப்படி என்று சித்தப்பா சொன்னார். மழைத்தண்ணி மணலில் இறங்கி நிற்கிறது. உப்புத்தண்ணியை விட நல்ல தண்ணி எடை குறைவு. அதனால் அது மேலே மிதக்கும். ரொம்ப ஆழமா தோண்டினால் உப்புத்தான் வரும். அதனால பேராசைப்படாம மேலாக மொண்டுக்கணும்.

அப்போது எனக்கு நம்ம பாலாறு ஞாபகம் வந்தது. பாலாற்றிலும் பாட்டி சின்ன வயசில் ஊத்து தோண்டித் தண்ணி எடுத்ததாகச் சொல்லுவாங்க. இப்போ எங்க தெருக் கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகாது. கடல் நம்ம ஊரிலிருந்து எத்தனை தூரம்! ஆனா தண்ணி உப்பு. தோல் கெட்டுப் போகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். அந்த உப்பு கழிவோடு சேர்ந்து எத்தனையோ வருஷமாக மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் பெரிய தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 2025 ஜனவரி 30-ஆம் தேதி பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. அந்தத் தோல் ஷாப்பில்தான் என் அப்பா வேலை செய்கிறார், அதில்தான் நான் படிக்கிறேன். அதனால் திட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கடல் நடுவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற தண்ணி ஆத்தங்கரையில் இருக்கிற நமக்கு ஏன் கிடைக்கக்கூடாது? வேலையும் வேணும், தண்ணியும் வேணும்.

கடலுக்குள் போகும் செருப்பு

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் என்ற ஊரில் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போய்ப் பாறையில் இருக்கும் பாசியைப் பறிக்கிறார்கள். அதில் ஒரு வகைக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று அழகான பேர். அதிலிருந்து எடுக்கிற அகர் ஐஸ்கிரீமில்கூட சேர்க்கிறார்களாம். நான் போனபோது அவங்க கடலுக்குப் போகாத நாட்கள். சித்திக்குத் தெரிந்த ஒரு அத்தை அவங்க சாமான்களைக் காட்டினாங்க. ஒரு கண்ணாடி, விரலில் சுத்திக்கிற துணி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பாறை கிழிக்காமல் இருக்க அந்தச் செருப்பு.

அந்த அத்தையின் விரல் எல்லாம் வெட்டு. எங்க அம்மா விரலிலும் தோல் உரிந்திருக்கும், பேஸ்டிங் செக்‌ஷனில் பசை ஒட்டி ஒட்டி. அம்மா ஒட்டுற ஷூ வெளிநாட்டுக்குப் போகுது. இவங்க பறிக்கிற பாசியும் எங்கெங்கோ போகுது. கை மட்டும் இங்கேயே இருக்கு.

சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் அம்மா, கடலையும் பாதுகாத்துப் பெண்களின் உரிமைக்காகவும் பாடுபட்டதற்காக, 2015-இல் சீகாலஜி விருதை அமெரிக்கா போய் வாங்கினார். அதைக் கேட்டதும் காட்பாடியில் ரயில் ஏறினதை நான் பெருசா நினைச்சது சின்னதா போயிடுச்சு!

கலாம் ஐயா

பேய்க்கரும்பில் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் ஐயா நினைவிடத்துக்கும் போனேன். இதே தீவில் 1931 அக்டோபர் 15-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுக்க உதவி, அதில்தான் முதல் சம்பளம் வாங்கினார். பிறகு ராமநாதபுரத்துக்குப் போய் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அவரும் வீட்டை விட்டுத் தனியாகத்தான் கிளம்பியிருக்கிறார்.

திரும்பும்போது

திரும்பும் ரயில் சாயந்திரம் கிளம்பியது. இந்த முறை வெளிச்சத்தில் பாலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் பழைய ரயில் பாலம். 1914-இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்களாம். நான் போன புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே தூக்கும். மறுபக்கம் பஸ் பாலம், அது 1988-இல் வந்தது. மூன்றுக்கும் கீழே அதே கடல்.

எதிரில் ஒரு அக்கா கைக்குழந்தையோடு ஏறினாங்க. "எங்க போறம்மா, தனியாவா?"ன்னு கேட்டாங்க. "ஆமாங்க்கா"ன்னேன். அவங்க தண்ணி பிடிக்கப் போகும்போது குழந்தையை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாங்க.

தோழிகளே, இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதினேன் தெரியுமா? நம் பள்ளியில் பத்தாவது வரைதான். பிளஸ் ஒன் படிக்க ஆம்பூருக்கு பஸ்ஸில் போகணும். எங்க தெருவில் ரெண்டு அக்கா நல்ல மார்க் வாங்கியும், 'தனியா பஸ்ஸில் அனுப்ப மாட்டோம்'னு வீட்டில் சொன்னதால் படிப்பை நிறுத்திட்டாங்க. என்னையும் பத்தாவதோடு நிறுத்தணும்னு பாட்டி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் திரும்பி வந்த அன்னைக்கு அப்பா பாட்டிகிட்ட, "பாம்பன் வரைக்கும் போய்ட்டு வந்தவ, ஆம்பூர் போய் வர மாட்டாளா?"ன்னு கேட்டார். பாட்டி பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஊத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டு வந்தியாடி?"ன்னு கேட்டாங்க. ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தேன். குடிச்சாங்க. "பழைய பாலாத்துத் தண்ணி மாதிரியே இருக்கு"ன்னாங்க.

உங்க வீட்டிலும் இதே பேச்சு நடந்தால் இந்தத் தாளை உங்க அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு:
* தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போங்க. சாயந்திரம் ஆனால் திருப்பி அனுப்பிடுவாங்க.
* அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீங்க. நீரோட்டம் இழுக்கும்.
* ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைக் கட்டாயம் பாருங்க. 1212 தூண்கள்!
* பவளம், சங்கு எதையும் பறிச்சு வராதீங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ரெண்டு ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டன.
* வீட்டு நம்பரை மனப்பாடமா வச்சுக்கோங்க.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி