விலையும் மதிப்பும்: பளையில் ஒரு பழைய கார்

ஒரு பண்டத்திற்கு இருவகை மதிப்பு உண்டென்பது பொருளியலின் பாலபாடம். அது மனிதனுக்கு எவ்வகையிற் பயன்படுகின்றது என்பதனால் வருவது ஒன்று. சந்தையில் அது எவ்வளவு பணமாக மாறுகின்றது என்பதனால் வருவது மற்றொன்று. நம் மாணவர் இதனைப் படித்து, பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆயின், பளை போன்றதோர் ஊரில் ஆசிரியக் குடும்பமொன்று பழைய கார் ஒன்றை வாங்கப் புறப்படும்போது, மறந்துபோன அந்தப் பாடம் வாசலில் வந்து நிற்கின்றது.

முற்போக்கு ஏடொன்றிற் காரைப்பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கார் என்பது பெரியமனிதரின் பகட்டுப்பொருள் என்னும் கருத்து நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியுள்ளது. அக்கருத்து முற்றும் பிழையன்று. எனினும் பகட்டுக்காக ஓடும் காரும், நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஓடும் காரும் பதிவுப் புத்தகத்தில் ஒரே வகையைச் சேர்ந்தனவாயினும் வாழ்க்கையில் ஒரே வகையைச் சேர்ந்தன அல்ல. இந்த வேறுபாட்டை உணராமற் காரைக் கண்டிப்பதும், உணராமற் காரை விரும்புவதும் ஒருபோலவே அறியாமையாகும்.

வடபுலத்தில் மோட்டார்க் காருக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் முதலிய ஆங்கிலக் கார்கள் சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் இங்கு ஓடத்தொடங்கின. 1958இல் அவற்றின் பதிவிலக்கத் தகட்டிலே பொறிக்கப்பட்ட சிங்கள ஸ்ரீ எழுத்தை முன்னிட்டு ஓர் இயக்கமே எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் சந்தை திறக்கப்படும்வரை, இருந்த கார்களையே ஊர்க் கராச்சுகளின் தொழிலாளர் திருத்தித் திருத்தி உயிரோடு வைத்திருந்தனர். 1990இன் பின்னர் வடக்கிற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது அந்தக் கைத்திறனே மக்களைக் காப்பாற்றியது. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரும்புகை கக்கக் கக்கப் பழைய கார்கள் ஓடின. அவற்றின் சந்தை விலை அன்று யாது என்பதை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமா என்பதே கேள்வியாயிருந்தது.

பளையின் மண் இவ்வரலாற்றின் நடுவே கிடப்பது. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழி அடைபட்டபோது, இவ்வூருக்கு அண்மையிலுள்ள கிளாலிக் கடலேரியை மக்கள் வள்ளங்களிற் கடந்தனர். 2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் மூடியது. 2009இற் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்த குடும்பங்கள் தம்மோடு கொண்டுசென்ற சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் வான்களும் கார்களும் முல்லைத்தீவுக் கரையோரத்திலே குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் அக்குவியலிற் கிடந்தது எனலாம். ஆகவே, இப்பகுதியில் ஒரு குடும்பம் கார் வாங்குகின்றது என்றால், பல வேளைகளில் அது இழந்த ஒன்றை மீட்க முனைகின்றது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி இன்றைய சந்தையை நோக்குவோம். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரி 1 முதலே தனியார் வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பொருளியல் விதிகளுக்கே மாறானதுபோலத் தோன்றும் ஒரு காட்சியைக் கண்டோம். பொதுவாகக் கார் ஓட ஓட விலை குறையும். இங்கோ ஓட ஓட விலை ஏறியது. 10 ஆண்டு பழகிய கார், அதனை வாங்கியபோது கொடுத்த விலையினும் மேலான விலைக்குக் கைமாறியது. இரும்பு புதிதாகிவிடவில்லை, ரூபாய் தேய்ந்தது, வரத்து நின்றது, அவ்வளவே. இறக்குமதி திறந்த பின்னரோ, எஞ்சினின் கொள்ளளவையும் எரிபொருள் வகையையும் பொறுத்து விதிக்கப்படும் உற்பத்தி வரியும், சுங்கத் தீர்வையும், பெறுமதி சேர் வரியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, புதுக் காரை ஆசிரியரின் எட்டாக் கனியாக்கிவிட்டன. எனவே நடுத்தரக் குடும்பத்தின் பார்வை பழைய யப்பானியச் செடான் கார்களின் மீதே விழுகின்றது: நிசான் சனி, ரொயோட்டா கொரோலா, அதன் வழிவந்த அக்சியோ, சற்று வசதியுள்ளோர்க்கு அலியோன். பெரும்பாலும் 1500 சீசீ எஞ்சின். ஐவர் அமரும் இருக்கை. பின்னே ஒரு டிக்கி.

எம் நண்பரொருவர், பளைப் பகுதியில் ஆசிரியர், இத்தகைய கார் ஒன்றை மதிப்பிட்டுத் தருமாறு எம்மை அழைத்தார். அவருடைய தாயார் சிறுநீரக நோயாளி. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு மாதத்திற் பல நாள் செல்லவேண்டியவர். விடியுமுன்னர் வீட்டிலிருந்து கிரவல் பாதையில் முச்சக்கர வண்டி, ஏ-9 வீதியில் நின்று பஸ், பட்டணத்தில் மறுபடி முச்சக்கர வண்டி. திரும்பும்போதும் அவ்வாறே. “அம்மாவை நோய் வருத்துறதைவிடப் பயணம் வருத்துது, மாஸ்ரர்” என்றார் நண்பர். அவரோடு மூன்று கார்களைச் சென்று பார்த்தோம். பார்த்த முறையை இங்கே எழுதுவது பிறர்க்கும் பயன்படும் என எண்ணுகின்றோம்.

முதலாவது காரின் வர்ணம் கண்ணைப் பறித்தது. ஆனால் இவ்வூரிற் காரை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தலாகாது. கீழிருந்து மேல்நோக்கியே பார்த்தல்வேண்டும். ஆனையிறவுப் பரவைக்கடலின் உப்புக்காற்று தகரத்தை உள்ளிருந்து அரிப்பது. கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கி விரிப்பின் கீழே மேலதிகச் சில்லு கிடக்கும் குழி, முன்சில்லுகளின் மேலுள்ள வளைவு ஆகிய இடங்களைக் கையாலே தடவிப்பார்த்தோம். குழியில் விரலால் அழுத்தியபோது வர்ணம் பொருக்காய் உதிர்ந்தது. அதன்கீழே தகரம் இல்லை, பூச்சுமாவே இருந்தது. மீற்றர் காட்டிய தூரமோ மிகக் குறைவு. பிரேக் மிதியின் றப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. மீற்றரைத் திருத்தியவர் மிதியை மாற்ற மறந்துவிட்டார் போலும்.

இரண்டாவது கார் அழகற்றது, இருபதாண்டு பழையது. அதனை விடியற்காலையில், எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்ப்போம் என்று முன்னரே சொல்லிவைத்தோம். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகின்றது என்பது பொருள். தடித்த வெண்புகை நீங்காது நின்றால் தண்ணீர் உள்ளே இறங்குகின்றது என்பது பொருள். எண்ணெய் மூடியின் அடியிற் பாலாடைபோலப் படிந்திருப்பதும் அதற்கு அறிகுறி. இவை எதுவும் இருக்கவில்லை. ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களுள் முதலிரண்டும் உற்பத்தி வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. நான்கு ரயர்களும் வெவ்வேறு ஆண்டின, மாற்றவேண்டியவை. புலோப்பளைப் பக்கமுள்ள குழிப்பாதையில் ஓட்டியபோது முன்பக்கத்திற் ‘டொக்கு டொக்கு’ என்றொரு சத்தம். றப்பர் புஷ்கள் தேய்ந்துள்ளன. இவையெல்லாம் பணத்தாலே தீரும் குறைகள். தகரம் மட்டும் உறுதியாக இருந்தது. பதிவுச் சான்றிதழிற் கடன் நிறுவனம் எதன் பெயரும் இல்லை. உரிமையாளரும் விற்பவரும் ஒருவரே. எஞ்சின், சசி இலக்கங்கள் புத்தகத்தோடு ஒத்திருந்தன. வெற்றுப் படிவத்திற் கையொப்பம் வாங்கிக் கைமாறிக் கைமாறி வரும் கார்களின் நடுவே இது பெரியதொரு நற்சான்றாகும்.

மூன்றாவது கார் கலப்பின எஞ்சின் கொண்டது, பத்தாண்டு ஆனது, பளபளப்பும் குளிரூட்டியும் நிரம்பியது. எரிபொருள் மிச்சம் என்பது உண்மையே. ஆனால் அதன் பற்றரி ஆயுள் முடியும் கட்டத்தில் உள்ளது. மாற்றும் செலவை விலையோடு கூட்டியே கணக்கிடவேண்டும். அதைவிட முக்கியமானது, அதனை விற்க முன்வந்தவர் காட்டிய மாதத்தவணை வழி. “பத்து வீத வட்டிதான், மாஸ்ரர்” என்றார் அவர். இந்தப் பத்து வீதத்தைக் கணித ஆசிரியர்கள் கரும்பலகையிற் போட்டுக்காட்டவேண்டும் என்பது எம் விருப்பம். எடுத்துக்காட்டாக, 30 இலட்சம் ரூபா கடன்; ஐந்தாண்டு; ஆண்டுக்கு 10 வீதம். முழுக் கடன்தொகைக்கும் ஐந்தாண்டும் வட்டி போடும் முறையில் வட்டி மாத்திரம் 15 இலட்சம். மொத்தம் 45 இலட்சம், 60 தவணை, மாதம் 75,000 ரூபா. ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகின்றதன்றோ? நம்மிடம் இல்லாத பணத்திற்கும் நாம் வட்டி கட்டுகின்றோம். குறையும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான வீதம் 17ஐத் தாண்டுகின்றது. போருக்குப் பின் வன்னிக்கு வீதிக்கு முன்னே வந்தது கடன் என்று மக்கள் சொல்வது வெறும் பேச்சன்று. தவணை தவறிய வாகனங்களைத் தேடி ஆட்கள் வீட்டுவாசலுக்கு வந்த கதைகள் கிராமந்தோறும் உள்ளன.

நாம் சொன்ன முடிவு எளியது. இரண்டாவது காரைக் குறைபேசி வாங்குக. ரயருக்கும் புஷ்ஷுக்கும் ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குக. போதாத பணத்தைச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திற் பெறுக. நண்பர் அவ்வாறே செய்தார். தாயார் இப்போது பின்னிருக்கையிற் சாய்ந்தபடி கிளினிக்குக்குப் போய்வருகின்றார்.

இத்துடன் மதிப்பீடு முடிந்துவிட்டதா? இல்லை. நண்பர் கொடுத்த விலையிலே ஒரு பகுதி இரும்புக்கும் எஞ்சினுக்கும் உரியது. ஒரு பகுதி அரசின் வரிக்கு உரியது. மற்றொரு பகுதியோ, வராத பஸ்ஸுக்கு உரியது. இந்த மூன்றாம் பகுதியை எந்தத் தரகரும் கணக்கிற் காட்டுவதில்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இலாபம் தராத கிராமத்திற்கும் பஸ் செல்லவேண்டும் என்னும் கொள்கை அதன் அடியில் இருந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபின், இலாபமுள்ள நெடுஞ்சாலையிற் பஸ்கள் ஒன்றையொன்று முந்தின. இலாபமற்ற உட்பாதைகள் காத்திருந்தன. இன்று பளைச் சந்தியில் நின்றால் ஏ-9 வழியே விரையும் பஸ்களுக்குக் குறைவில்லை. கிளாலிக்கும் மாசாருக்கும் தம்பகாமத்துக்கும் உள்ளே செல்லவேண்டிய கிழவிக்குத்தான் குறை. 1990இல் தடைப்பட்ட புகையிரதம் 2014 மார்ச் 4ஆம் திகதி பளைவரை மீண்டும் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அது பெரும் நன்மை. ஆனால் தண்டவாளத்தினின்றும் வீட்டுக்குள்ள தூரத்தை யார் கடப்பிப்பது?

பொதுப்பணம் நன்கு செலவிடப்பட்டால் என்ன விளையும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம்மிடமே உண்டு. இந்திய உதவியோடு தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அழைத்தால் வருகின்றது, பணம் கேட்பதில்லை. ஏழையும் செல்வனும் அதன்முன் ஒன்றே. ஆனால் அது ஆபத்துக்கு உரியது. நாட்பட்ட நோயாளியின் மாதாந்தப் பயணத்துக்கு உரியதன்று. அந்த இடைவெளியிலேதான் நண்பரின் பழைய கார் ஓடுகின்றது. காரில்லாத அயலவரோ அந்த இடைவெளியிலேயே நிற்கின்றார்.

காரும் நம்மை முழுதாக விடுவித்துவிடாது என்பதை 2022 கற்பித்தது. அவ்வாண்டு யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகியது. பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு முதலில் வாரம் 20 லீற்றர் அளந்தார்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினாலும் 240 கிலோமீற்றர். பளையிலிருந்து யாழ்ப்பாணம் மூன்று முறை போய்வரலாம், அதற்கு மேல் இல்லை. தனித்தனியே விடுதலை தேடியவர் யாவரும் அன்று ஒரே வரிசையில் நின்றனர்.

ஆகவே கார் வாங்கும் ஆசிரியரைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. தேவையுள்ளவர் வாங்கட்டும், கண்விழித்து, கணக்குப்போட்டு, கடனுக்கு அடிமையாகாமல் வாங்கட்டும். ஆனால் சாவி கைக்கு வந்த நாளிலேயே பஸ் தரிப்பிடம் மனத்தை விட்டு நீங்கிவிடுவதைத்தான் நாம் அஞ்சுகின்றோம். எழுதவும் பேசவும் வல்ல நடுத்தர வர்க்கம் ஒவ்வொருவராகப் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டால், அந்தப் பஸ்ஸுக்காகக் குரல் கொடுக்க எஞ்சியிருப்பவர் யார்? பளையின் மாணவர் ஒரு வாரகாலம் தம் உட்பாதைகளில் எத்தனை பஸ் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறமுடியாது நின்றனர் என்று குறித்தெடுக்கட்டும். ஆசிரியர் அதனை அறிக்கையாக்கிப் பிரதேச சபைக்கும் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் கொண்டுசெல்லட்டும். கார் உள்ள ஆசிரியரின் கையொப்பம் அதிலே முதலாவதாக இருக்கட்டும்.