மூழ்கிய செலவு

பி.காம். படித்தவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்ற வார்த்தை நினைவிருக்கும். தமிழில் மூழ்கிய செலவு என்று வைத்துக்கொள்ளலாம். போன பணம் போனதுதான், அதை மீட்கிறேன் என்று மேற்கொண்டு பணத்தைக் கொட்டாதே என்பது இதன் சாரம். படம் மொக்கை என்று பத்தாவது நிமிஷமே தெரிந்த பிறகும், டிக்கெட் காசுக்காக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த வியாதிக்கு இதுதான் மருந்து. வாத்தியார் பாதியில் நின்ற பாலம், ஓடாத மில் என்று என்னென்னவோ உதாரணம் சொன்னார். ஆனால் ஒரு செலவு நிஜமாகவே தண்ணீரில் மூழ்குவதை நான் கண்ணால் பார்த்தது கொட்டாரத்தில், ஓர் ஆடி மாதத்தில்.

கொட்டாரம் உங்களில் பலர் கடந்து போன ஊர்தான். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில், கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வரும். விவேகானந்தர் பாறைக்குப் படகு பிடிக்கிற அவசரத்தில் ஜன்னல் வழியாகக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். தென்னந்தோப்பு, வயல், குளம், பின்னணியில் மருந்துவாழ்மலை. அங்கே எங்கள் அம்மாவின் ஓட்டு வீடு இருந்தது. 'இருந்தது' என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். விற்றாகிவிட்டது. வாங்கியவர் நல்ல மனுஷர். ஆடியில் கை வைக்க வேண்டாம், ஆவணி பிறந்ததும் இடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதனால் கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம்.

அக்கா மகன் ஒரு ட்ரோனோடு வந்திருந்தான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. மாதாமாதம் எடுத்து வைத்து, இரண்டாம் கையாக 35 ஆயிரத்துக்கு வாங்கியது. எடை 249 கிராம். ஏன் அந்த ஒரு கிராம் கஞ்சத்தனம் என்று கேட்டேன். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அதற்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. உலகத்தில் பல நாடுகளில் 250 கிராம்தான் கோடு என்பதால், கம்பெனிக்காரர்கள் 249-ல் நிறுத்திக்கொள்கிறார்கள். வருமான வரி வரம்புக்குக் கொஞ்சம் கீழே சம்பளத்தை நிறுத்துகிற மாதிரி!

சான்றிதழ் வேண்டாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது. கன்னியாகுமரிக்கு வடகிழக்கில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்கள் பறவைகளுக்கான காப்பிடம், 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. பையன் விவரமானவன், வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

முற்றத்திலிருந்து ஏற்றினான். வீட்டை மேலிருந்து பார்க்கிற அனுபவத்தை எப்படிச் சொல்ல? அறுபது வருஷமாக அந்த வீட்டில் யாருமே பார்க்காத கோணம் அது. ஓட்டின் நிறம் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு. கிணறு ஒரு பொட்டு மாதிரி. சுற்றிச் சுற்றி எடுத்தான். பிறகு தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாமரைக்குளத்தையும் மலையையும் சேர்த்து ஒரு ஷாட் என்று கிழக்கே திருப்பினான்.

இங்கேதான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. ஆடியில் கேட்கவே வேண்டாம். முற்றத்தில் தென்னை மறைப்பில் அது தெரியாது, தென்னை உயரத்தைத் தாண்டினால்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் போகும். காற்று விநாடிக்கு 7 மீட்டர். குளம் 400 மீட்டர் தூரம். போகும்போது காற்றும் சேர்ந்து 17, அதாவது 24 விநாடியில் போய்ச் சேரும். திரும்பும்போது 10-ல் 7 போக மிச்சம் 3. 400 மீட்டர் வருவதற்கு 133 விநாடி. போவதைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல்! வீட்டைச் சுற்றி எடுத்ததில் பேட்டரி முக்கால்வாசி காலி. 'திரும்பு' என்றால் திரும்புகிறது, ஆனால் நகரவில்லை. பேட்டரி அடிமட்டத்துக்குப் போனதும், ட்ரோன் சொந்தமாக ஒரு முடிவெடுத்து அப்படியே இறங்க ஆரம்பித்தது. கீழே இருப்பது தரையா தண்ணீரா என்கிற விசாரணை எல்லாம் அதற்குக் கிடையாது.

நாங்கள் தோப்பு வழியாக ஓடிக் கரைக்குப் போனபோது, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பையன் மேலே தூக்கப் பார்க்கிறான். அது அலையோடு நழுவுகிறது. பிறகு ஒரு சின்னச் சத்தம். இரண்டு தாமரை இலை ஆடியது. அவ்வளவுதான்.

தண்ணீர்மேல் ஏன் தள்ளாடுகிறது தெரியுமா? இந்த மாதிரி ட்ரோன்களின் வயிற்றில் ஒரு சின்னக் கேமரா உண்டு. கீழே இருக்கிற கல், புல், கோடு எதையாவது அடையாளம் வைத்துக்கொண்டு, தான் நகர்ந்தோமா இல்லையா என்று கணக்குப் போடும். தண்ணீரில் என்ன அடையாளம் இருக்கிறது? அலை நகர்ந்தால் தானே நகர்ந்துவிட்டதாக நினைத்து அதன் பின்னால் போகும். போதாததற்கு வானத்தின் பிரதிபலிப்பு வேறு. அதனால்தான் தண்ணீர்மேல் தாழப் பறக்காதே என்று கையேடுகளில் எச்சரிக்கை இருக்கும்.

249 கிராம் சாமானைக் கேலி செய்யாதீர்கள். செவ்வாய் கிரகத்தில் நாஸா பறக்கவிட்ட இன்ஜென்யூயிட்டி ஹெலிகாப்டருக்கும் இதே கதிதான். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பாலராம், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஐந்து முறை பறந்தால் போதும் என்று 2021-ல் ஆரம்பித்தது, 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று, கல்லோ பாறையோ இல்லாத வெறும் மணல் மேட்டுக்கு மேல் போனபோது, கீழ்க் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் மோசமாகத் தரை தட்டி இறக்கை முறிந்தது. அங்கே மணல், இங்கே தண்ணீர்!

அதே 2024 செப்டம்பரில் நம் கடற்படையின் பெரிய ட்ரோன் ஒன்று, அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு எடுத்தது, அரக்கோணம் தளத்திலிருந்து கிளம்பிப் போய், கோளாறாகி, சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறங்க வேண்டியதாயிற்று. ஆக, பெரிய வீடுகளிலும் நடக்கிறது.

கரைக்கு வருகிறேன். பையன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அந்தி நேரம். குளித்துவிட்டுத் துவர்த்தைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்.

"சாடாதே டே! தாமரைக் கொடி கால்ல சுத்திச்சுன்னா நீச்சல் தெரிஞ்சவனும் தாழதான். பொறவு உன்னைத் தேட இன்னொரு பொம்மைய விடணும்."

நின்றான். மறுநாள் வீச்சுவலைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தான். ஐந்தாறு வீச்சுக்கும் கெண்டையும் பாசியும்தான். அடுத்த நாள் படகு, அதற்கடுத்த நாள் நீரில் மூழ்குகிற ஆள் என்று திட்டம் போட்டபோதுதான் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. இரண்டாம் கைச் சாமான், தண்ணீரில் ஊறினால் மோட்டார் துரு, பேட்டரி குப்பை. மீட்டாலும் மதிப்பு பூஜ்யம். ஊறின லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் என்பதால் மதிப்பு மைனஸ் என்றே சொல்லலாம். சங்க் காஸ்ட் பாடத்தை முழுசாக ஒப்பித்தேன்.

அக்காவும் தன் பங்குக்கு, "சவம் போட்டும் மக்களே. வீடே போவுது, வெளையாட்டுச் சாமான் போனா என்ன?" என்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ட்ரோன் வேண்டாம் மாமா. கார்டுலதான் வீடு இருக்கு."

எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்குத் தலைப்பு இல்லை. தேய்மானம் போட முடியாது, நஷ்டக் கணக்கிலும் எழுத முடியாது. இன்னும் பத்து நாளில் அந்த ஓடு, அந்தக் கிணறு எதுவும் இருக்காது. திரும்ப எடுக்க இன்னொரு ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் முற்றத்தில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குக் கிடைக்குமா? மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா அன்று ராத்திரியே கிளம்பிவிட்டார்.

வீடு கிடைத்தது, ஆனால் குளத்தில் இல்லை. ட்ரோன் பறக்கும்போது ரிமோட்டில் மாட்டியிருக்கிற போனில் படம் ஓடுகிறதல்லவா, அதை அந்த ஆப் தரம் குறைத்து ஒரு பிரதியாகச் சேமித்து வைக்கும். எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. அவன் போனில் இருந்தது. கொஞ்சம் மங்கல், நடுநடுவே திக்கும். ஆனால் இரண்டு நிற ஓடு தெரிகிறது, பொட்டு போலக் கிணறு தெரிகிறது, கையாட்டுகிற சித்தப்பாவின் வழுக்கையும் தெளிவாகத் தெரிகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் குட்மார்னிங் அனுப்பவில்லை, அதையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ ட்ரோன் வைத்திருந்தால் மூன்று விஷயம். முக்கியமான படத்தை எடுத்தவுடன் இறக்கி, கார்டை மாற்றுங்கள். காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றோடு திரும்புங்கள். தண்ணீரில் விழுந்தால் நீங்கள் பின்னால் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ட்ரோனைக் கிளப்பும்போது அது முதலில் செய்வது, கிளம்பிய இடத்தைக் குறித்துக்கொள்வது. அதற்கு 'ஹோம் பாயின்ட்' என்று பெயர். சிக்னல் அறுந்தால் வீட்டுக்குத் திரும்பு என்பது அதற்குப் போட்ட முதல் உத்தரவு. விளையாட்டுச் சாமானுக்குச் செய்து வைத்திருக்கிற ஏற்பாடு இது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இதே குமரிக் கடலில் உருவானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் பல நாள் தொழிலுக்காக ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. புயல் வருகிறது, திரும்பு என்று கரையிலிருந்து சொல்ல வழியில்லாமல் போயிற்று. தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தண்ணீர்மேல் சிக்னல் அறுவது என்றால் இந்த மாவட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம்.

2024 ஆகஸ்டில்தான் கடலோர மாநிலங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த தகவல் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கியது. செல்போன் டவர் இல்லாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி போகும், படகிலிருந்து செய்தி வரும்.

அடுத்த முறை கன்னியாகுமரி போகும்போது சூரியோதயம் பாருங்கள், வள்ளுவர் சிலையைப் பாருங்கள். நேரமிருந்தால் சின்னமுட்டம் துறைமுகத்துக்கும் ஒரு நடை போய், நிற்கிற படகுகளில் அந்தக் கருவி இருக்கிறதா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.