8 கிலோமீட்டரும் என் முழங்காலும்

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம்தான். ஆனால் 120 கிலோ உடம்போடு சிவகாசி வெயிலில் திரிகிறவனுக்கு அந்த 8-ஐப் பார்த்தாலே மூச்சு வாங்கும். காலண்டர் சீசனில் அச்சகத்தில் நாள் முழுக்க நாற்காலிதான்; ராத்திரி எண்ணெய் பரோட்டா.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, விடியுமுன் தெருமுக்கு வரை பத்து நிமிஷம் நடக்கிறேன். தொடை உரசி எரியாமலிருக்க வேட்டிக்குள் முழங்கால் வரை டவுசர். வாரம் 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலும் கணக்குதான். எடை பெரிதாக இறங்கவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கிறது, தூக்கம் வருகிறது. ‘என்ன குண்டண்ணே, வாக்கிங்கா?’ என்கிற தம்பிகளா, கூட வாங்கடே, பேசிக்கிட்டே நடப்போம்.