கல்லில் நின்ற காலடிகள்

பாலைவனத்தில் நடப்பதென்றால் ஒட்டகமும் தோல்பை நிறைய ஜலமும் உயிருக்குத் துணிந்த மனமும் வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் நம்மில் அநேகர். அமெரிக்காவில், யூட்டா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், வெர்னல் என்னும் ஊருக்குச் சில மைல் வடக்கே உள்ள பாலை அவ்வளவு கொடியதன்று. குழந்தை குட்டிகளுடன் காலையில் புறப்பட்டுப் பகற்போஜனத்துக்குத் திரும்பிவிடலாம். போய்வர 3 மைலுக்கு மேற்படாது. ஆனால் அந்த நடையின் முடிவில் நாம் போய்ச் சேரும் காலம், சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முற்பட்டது!

இடத்தின் பெயர் ரெட் ஃப்ளீட்; செந்நிறக் கப்பற்படை என்று பொருள். மூன்று பெரிய செம்பாறைகள் போர்க்கப்பல்களைப்போல் மூக்கை நிமிர்த்தி அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் காலடியில் உள்ள ஏரி, 1980-ம் வருஷம் கட்டி முடித்த அணையால் தேங்கியது. பூங்காவின் வாயில் ஒரு கரையில். நாம் பார்க்கவேண்டியவையோ எதிர்க்கரையில். படகு உள்ளவர்கள் நீர்வழியே போகிறார்கள். எங்களுக்குக் கால்களே கதி.

வழியில் நிழலைத் தேடிப் பயனில்லை. குட்டை குட்டையான ஜூனிப்பர் மரங்களும் மணலும் பாறையும் மாறி மாறி வருகின்றன. எங்களுடன் வந்த ஏழு வயதுச் சிறுமி முதல் அரை மைலை ஓடிக் கடந்தாள், அடுத்த அரை மைலை நடந்து கடந்தாள், மிகுதியை, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியினாலேயே கடந்துவிட்டாள்.

கடைசியில் ஏரியை நோக்கிச் சாய்ந்திறங்கும் ஒரு பாறைச் சரிவு. முதலில் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படவில்லை. நடுப்பகலில் வருகிறவர்கள் ஏமாந்து திரும்பினால் அதில் வியப்பில்லை. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போதுதான் பள்ளங்களில் நிழல் தங்கி உருவம் தெரிகிறது. ஒன்று தெரிந்தது, பிறகு மூன்று, பிறகு எங்கே அடி வைப்பது என்று அஞ்சும்படி எங்கு பார்த்தாலும் மூன்று விரல் பதிந்த சுவடுகள்! சில 3 அங்குலம், சில 17 அங்குலம்.

"கோழிக்கால்!" என்றாள் சிறுமி.

எல்லாரும் சிரித்தோம். ஆனாலும் அவள் வாக்கில் உண்மை இருந்தது. மாமிசம் தின்று இரண்டு கால்களால் நடந்த டைனோஸார்களின் வமிசத்திலேதான் பறவைகள் பிறந்தன என்பது சாஸ்திரக்ஞர்களின் முடிவு. இங்கே நடந்தது சுமார் 20 அடி நீளமுள்ள டைலோபோஸாரஸ் போன்ற பிராணி என்கிறார்கள். 'போன்ற' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கால் பதித்தவன் பெயரைச் சுவடு சொல்வதில்லை. ஆகையால் இத்தகைய சுவடுகளுக்கென்றே தனிப்பெயர்கள் சூட்டிவிடுகிறார்கள்.

அன்றும் இந்தப் பிரதேசம் மணற்பாலைதான். மணற்குன்றுகளுக்கிடையே ஈரமான இடத்தில் பிராணி நடந்தது. சுவடு உலர்ந்தது, வேறு மணல் வந்து மூடியது, யுகக்கணக்கில் இறுகிக் கல்லாயிற்று. அருகிலுள்ள டைனோஸார் தேசியச் சின்னத்தில், 1909-ம் வருஷம் ஏர்ல் டக்ளஸ் என்பவர் எலும்புகளைக் கண்டுபிடித்த இடத்தில், ஒரே பாறைச் சுவரில் சுமார் 1,500 எலும்புகளை முதல் நாள் பார்த்திருந்தோம். அது பிரமாதமான காட்சி. எனினும் எலும்பு, செத்துக் கிடந்ததைச் சொல்கிறது. சுவடோ ஏதோ ஒரு நாள் அது பசித்தோ பயந்தோ நடந்து போனதைச் சொல்கிறது. எங்கள் மனம் சுவட்டின் பக்கமே சாய்ந்தது.

இத்தனை காலம் நிலைத்தது நம் காலத்தில் அழிகிறது என்பதுதான் துக்கம். வந்தவர்கள் பாறைப் பலகைகளைப் பெயர்த்து ஏரியில் எறிந்துவிடுகிறார்கள் என்று 2018-ம் வருஷம் பூங்கா அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆறே மாதத்தில், தெளிவாகத் தெரிந்த பெரிய சுவடுகளில் பத்துக்குக் குறையாமல் மறைந்து போயினவாம். தண்ணீரில் விழுந்த பலகை உடைகிறது. அல்லது கரைந்து சேறாகிறது. சட்டப்படி இது குற்றம். செய்தவர்கள் எல்லாரும் துஷ்டர்கள் என்று நாம் நினைக்கவில்லை. தண்ணீரையும் தட்டைக் கல்லையும் ஒருங்கே கண்டால் எந்தக் கைதான் சும்மா இருக்கும்?

எங்கள் சிறுமியும் ஒரு கல்லை எடுத்துவிட்டாள். பாட்டியம்மாள், "வேண்டாம் கண்ணு, கீழே வை. யாரோ நடந்த இடம்" என்றாள்.

"யார் பாட்டி?"

"யாரோ! நமக்கு முன்னாலே வந்தவா."

குழந்தை கல்லைப் புரட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

இரும்பு வேலி போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்பார் உண்டு. நமக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, ஒரு சுவட்டின் மூன்று விரல்களுக்குள் தன் விரல்களைப் பொருத்திப் பார்த்தாளே, அதை வேலிக்கு வெளியே நின்று எப்படிச் செய்வது? காவற்காரர் ஒருவரும் அதிக எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தால் தகும்.

ஏரியில் நீர் ஏறினால் கீழ் வரிசைச் சுவடுகள் மூழ்கிவிடும். நாங்கள் போன சமயம் நீர் இறங்கியிருந்தது. சிறுமி ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியபடியே சரிவில் இறங்கினாள். ஒன்பதாவது சுவட்டில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பத்தாவது தெரியவில்லை.