கொடுத்துப் பழகிய ஊர்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதனையும் தரிசித்துவிட்டு, காந்தி ரோட்டில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் கூரத்துக்குப் போகிறவர்கள் குறைவு. நெல் வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர்தான். ஆனாலும் பல்லவர் வரலாற்றையோ வைணவ வரலாற்றையோ எழுத உட்கார்ந்த எவரும் இந்த ஊரைத் தொடாமல் போனதில்லை.

நான் முதலில் போனது சிவன் கோயிலுக்கு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்த கோயில் இது. 'வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம்' என்பது அன்றைய பெயர். கருவறையின் பின்பக்கம் மூலை இல்லாமல் வளைந்து போகிறது. தூங்கானை மாடம் என்று சொல்லும் அமைப்பு. பலகை பலகையாக நிறுத்திய கற்களைத் தொட்டுப் பார்த்தேன். மாமல்லபுரத்துப் பாறைகளில் உள்ள இழைப்பு இங்கே இல்லை. கல்லை அடுக்கிக் கோயில் கட்டத் தமிழகம் கற்றுக்கொண்ட தொடக்க காலத்தின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது.

இந்தக் கோயிலுக்காகப் பரமேசுவரவர்மன் வெளியிட்டதுதான் கூரம் செப்பேடு. சமஸ்கிருதமும் தமிழும் கலந்தது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தல் துணி சுற்றிக்கொண்டு தனியாக ஓடினான் என்று வெற்றியைப் பாடுகிறது. என்னை ஈர்த்தது அதற்குப் பிறகு வரும் பகுதி. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி, கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் 1 பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு 1 பங்கு, மீதி 20 பங்கு வேதம் வல்லவர்களுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி, பரமேசுவர தடாகம் என்ற ஏரியை நிரப்பியதையும் அது சொல்கிறது. செக்கும் தறியும்கூடக் கணக்கில் வருகின்றன. போர்க்களத்தைப் பாடிய அதே செப்பேடு, வழிப்போக்கன் குடிக்கும் தண்ணீருக்கும் ஊரார் கேட்கும் கதைக்கும் நிலம் ஒதுக்குகிறது. அரசாட்சி என்றால் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மெய்க்கீர்த்தியும் எனக்குச் சொன்னதில்லை.

இங்கே கிடைத்த பல்லவர் கால நடராசர் செப்புத் திருமேனி, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பழகிய சோழர் நடராசரைப்போலக் காலைக் குறுக்கே வீசாமல், முழங்காலை மேலே உயர்த்தி ஆடுகிறார். நடராசர் செப்புத் திருமேனிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இதை அறிஞர்கள் வைக்கிறார்கள்.

அங்கிருந்து ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். "வாங்கோ, முதல்ல ஆழ்வானைச் சேவிச்சுக்கோங்கோ" என்றார் அர்ச்சகர். ஊருக்கே பெயர் தந்தவரைப் போல, இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானுக்குத் தனிச் சந்நிதி. 1010இல் பிறந்தவர் என்பது வைணவ மரபு. பெருஞ்செல்வர், நாள் முழுக்க அன்னதானம் நடக்கும் வீடு. இரவில் அந்த மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் காதில் விழுந்ததாம். அதைக் கேள்விப்பட்ட ஆழ்வான், தன் செல்வம் இவ்வளவு சத்தம் போடுகிறதே என்று கூசி, அத்தனையையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் புறப்பட்டுவிட்டார். வழியில் அவள் பயந்தாள். மடியில் இருந்த பொன் வட்டிலே பயத்துக்குக் காரணம் என்று தெரிந்ததும் அதையும் வாங்கிக் காட்டில் எறிந்தார் என்கிறது குருபரம்பரை.

அவர் கொடுத்தது பொருள் மட்டுமல்ல. இராமானுசர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். இராமானுசரைத் தேடிச் சோழன் ஆள் அனுப்பியபோது, குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போய்க் கண்களை இழந்தார். பிறகு வரதன் முன் நின்று வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டும் என்றே கேட்டார். சந்நிதியில் நின்று இதை நினைத்தபோது என் கண் நிறைந்துவிட்டது.

பங்கு பிரித்துக் கொடுத்த அரசனும், பங்கே வேண்டாம் என்று போன செல்வரும் ஒரே மண்ணுக்கு உரியவர்கள். கூரத்தின் குணம் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பட்டெடுக்கக் காஞ்சிக்குப் போகும்போது அரை நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். தை மாத அஸ்த நட்சத்திரத்தில், ஆழ்வான் திருநாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. எந்த நாளில் போனாலும் பிள்ளைகளையும் கூட்டிப்போய், 25 பங்கின் கணக்கை அந்தக் கற்களின் அருகில் வைத்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.