பார்த்துப் போகவேண்டிய பாதை

காணித்தடம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் தடுப்புக் கம்பம் உயர்ந்ததும் அநேகமாக எல்லாக் கார்களிலும் ஒரே காரியம் நடக்கிறது. கண்ணாடிகள் இறங்குகின்றன. செல்போன்கள் வெளியே நீளுகின்றன. மரங்களின் இடைவெளியில் மலை தெரிகிறது, எங்கோ நீர் விழும் ஓசை கேட்கிறது, காற்றில் ஈரமண் வாசனை. பின்னிருக்கையில் இருப்பவர் இதையெல்லாம் படம் பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வண்டி ஓட்டுபவரின் கழுத்தும் அதே பக்கம் திரும்பிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கிறது போனக்காடு. நெடுமங்காடு, விதுரா வழியாக வரும் சாலை தேவியோடு என்ற இடத்தில் பிரிகிறது. சுற்றுலாக் கூட்டத்தின் பெரும்பகுதி பொன்முடியைப் பார்த்துப் போய்விடும். கல்லாற்றுக்கு அப்பால் தொடங்கும் அந்தப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. போனக்காட்டுச் சாலைக்கு அப்படியொரு விளம்பரம் கிடையாது. அது காட்டுக்குள் நுழைந்து, ஒரு பேருந்து போனால் எதிரே வருவது ஒதுங்க இடம் தேடும் அளவுக்கு ஒடுங்கி, தேயிலைத் தோட்டத்தில் போய் முடிகிறது. கீழே பேப்பாறை நீர்த்தேக்கம். தலைநகரத்துக் குழாய்களில் வரும் கரமனை ஆற்று நீர் இங்கேதான் தேங்குகிறது. மேலே 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். தமிழர்களுக்கு அது பொதிகை. மலையின் அந்தப் பக்கம் பாபநாசம்.

பெயரில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஆங்கிலத்தில் இந்தத் தோட்டத்தை 'போன் அக்கார்டு' என்றும் எழுதுவதுண்டு. பிரெஞ்சு மூலமுள்ள அந்தச் சொற்களுக்கு 'நல்ல இணக்கம்' என்று பொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரச் சின்னத்திலும் இதே சொற்கள்தான். ஒரே ஒரு வண்டி போகக்கூடிய சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து நிற்கும்போது இந்தப் பெயரின் அருமை புரியும்.

இணக்கத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் மட்டும் அதிகச் சம்பந்தம் இருக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலை பூட்டிக்கிடக்கிறது. இயந்திரங்கள் துருவேறிவிட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, மழைக்கு ஒழுகும் லயங்களில் மிச்சமிருக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தென் திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கு ஆள் கூட்டி வந்த காலத்தின் மிச்சம், இங்குள்ளவர்களின் மலையாளத்தில் இன்னமும் தமிழாக ஒலிக்கிறது.

இவர்களுக்கு இருப்பது இந்த ஒரு சாலைதான். அதில் நாளுக்குச் சில நடைகள் வந்துபோகும் அரசுப் பேருந்துதான் கால். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரேஷன் அரிசி மூட்டை, விதுரா மருத்துவமனைக்குப் போகும் கிழவி, கீழே கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாமே அதில்தான். நகரத்திலிருந்து வரும் ஒருவர் வளைவில் கவனம் பிசகிப் பேருந்தின் முகத்தில் மோதினால், அவருக்கு அது ஒரு விபத்து. காப்பீடு இருக்கும், வேறு வண்டி வரவழைத்துத் திரும்பிப் போகலாம். லயத்துக்காரர்களுக்கோ அன்றைய போக்குவரத்தே நின்றுபோகிறது. பிரசவ வலி எடுத்தவள் ஜீப்புக்கு ஆள் அனுப்பவேண்டும், அதுவும் கிடைத்தால்.

வெளியாட்கள் இரண்டு காரணங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கும் அகத்தியர்கூட மலையேற்றம். நடை இங்கிருந்துதான் ஆரம்பம். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் போகிறார்கள். காலையில் சீக்கிரம் நடக்கத் தொடங்கவேண்டும் என்பதால் பலர் இரவெல்லாம் வண்டி ஓட்டி, தூக்கம் கலையாத கண்ணோடு இந்த வளைவுகளுக்கு வந்து சேர்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பேய். தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் வெள்ளைக்கார மேலாளரின் மகள் இறந்துபோனாள், அவள் ஆவி இன்னும் அங்கே உலவுகிறது என்று ஒரு கதை. இணையத்தில் வீடியோ போடுகிறவர்களின் புண்ணியத்தில் அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டு இருட்டில் பைக்கில் கிளம்பிவரும் இளைஞர்களைச் சாவடியில் திருப்பி அனுப்புவது வனத்துறைக்கு ஒரு கூடுதல் வேலை. கூரை சரிந்த அந்தப் பங்களாவைவிட, போகும் வழியில் சாலை ஓரம் மேயும் காட்டு மாடு நிஜமான ஆபத்து. ஏறக்குறைய ஒரு டன் எடை. இருட்டில் கறுப்பாக நிற்பதால், அருகில் போகும்வரை தெரியாது.

கணக்கு எளிமையானது. மணிக்கு 30 கி.மீ. என்பது மலைச்சாலையில் சாதாரண வேகம். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. திரையில் வந்த செய்தியையோ பள்ளத்தாக்கில் இறங்கும் மூடுபனியையோ பார்க்க இரண்டு விநாடி ஒதுக்கினால், 17 மீட்டர் குருட்டு ஓட்டம். இங்கே பல வளைவுகளில் கண்ணுக்குத் தெரியும் சாலையே அவ்வளவுதான்.

கையில் போன் இல்லாமல், காதில் மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரது சக ஆய்வாளரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. கையில் வைத்துப் பேசினாலும் காதில் மாட்டிப் பேசினாலும் ஓட்டுபவரின் கவனம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைகிறது. கண் சாலையில் இருக்கும். மனம் அங்கே இருக்காது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஏறக்குறைய 44 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். செல்போன் பேசியபடி ஓட்டியதால் இறந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான் என்கிறது அதே அறிக்கை. நம்புவது கஷ்டம். மோதிய பிறகு 'நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று போலீசிடம் யார் சொல்லப்போகிறார்கள்? பெரும்பாலான சாவுகள் 'அதிவேகம்' என்ற கட்டத்துக்குள் போய்விடுகின்றன. அதே 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னே போன அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். முந்தைய விநாடிகளில் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்பதற்கு எந்தக் கருவியிலும் பதிவில்லை.

அதன்பின் கேரளம் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் என்று பார்த்துப் பார்த்து அபராதச் சீட்டு அனுப்புகின்றன. பொதுவாக இவை நாட்டுப்புறத்து நல்ல சாலைகளுக்கான ஏற்பாடு. காட்டுக்குள் கேமரா என்றால் அது புலியைக் கணக்கெடுக்க வைத்தது. எனவே போனக்காட்டு வளைவுகளில் ஓட்டுபவரைக் கண்காணிக்க அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952இல் தொழில்முறை ஓட்டுநர்களுக்கு ஒரு பயிற்சி முறையைத் தொடங்கினார். அந்நாட்டின் தேசியப் பாதுகாப்புக் குழு 1964இல் இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தது. தமிழில் இதைத் 'தற்காப்பு ஓட்டம்' என்று பெயர்த்தால், யாருக்கோ பயந்து ஓடுவதுபோல் ஆகிவிடுகிறது. விஷயம் ரொம்ப சாதாரணம்: எதிரே வருகிறவன் தப்பு செய்வான் என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு, அதற்கும் இடம் விட்டு ஓட்டுவது.

மலை நடைகளில் போகும் பேருந்து ஓட்டுநர்கள் இந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் படிக்காமலே செய்கிறார்கள். வளைவுக்கு முன்பே நீளமாக ஹாரன். பிறகு ஒரு கணம் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, பதில் ஹாரன் வருகிறதா என்று கேட்பது. (பாட்டை அலறவிட்டு வரும் கார்களுக்குக் கேட்கவும் கேட்காது, பதில் சொல்லவும் தெரியாது.) எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறக்கம். நியூட்ரலில் உருட்டிவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியம் இங்கே செல்லாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் கருகல் வாசனை வரும்; அதற்குப் பின் மிதித்தும் பயனிருக்காது. மூடுபனி இறங்கினால் முகப்பு விளக்கைத் தாழ்த்திவிடுகிறார்கள். வெளிச்சத்தைத் தூக்கிப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். யானை நின்றால் ஹாரனும் இல்லை, விளக்கை அணைத்து எரிப்பதும் இல்லை. தூரத்திலேயே நிறுத்திவிட்டு, அதுவாக நகரும்வரை பேருந்து முழுக்கக் காத்திருக்கும். யாரும் சலித்துக்கொள்வதில்லை.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் காரணம். ஓட்டுநர் உரிமத் தேர்வில் இந்தக் கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டவர்களில் பலர், போனக்காட்டுச் சாலையில் பேருந்துக்கு எதிரே மூக்கோடு மூக்காக நின்றுகொண்டு நகர மறுக்கிறார்கள். பின்னோக்கி ஓட்டப் பழக்கமில்லை, சொல்லிக்கொள்ள வெட்கம்.

மாலையில் கீழே இறங்கும் பேருந்தில் முன் இருக்கைக்குச் சற்று போட்டி உண்டு. பேப்பாறை நீரில் வெயில் சாயும் நேரம் அது. கண்ணாடியில் மொத்தப் பள்ளத்தாக்கும் வந்து நிற்கிறது. பயணிகள் பார்க்கிறார்கள். ஓட்டுநர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கீழேயிருந்து ஒரு ஜீப்பின் ஹாரன் கேட்கிறது. அவர் பதில் கொடுத்து, நடத்துநர் இறங்கி விசில் ஊத, பேருந்தைப் பின்னோக்கி எடுத்துப் பாறை ஓரம் ஒதுக்குகிறார். ஜீப் உரசாமல் ஏறிப் போகிறது. உள்ளே அரிசி மூட்டைகளும், அவற்றின் மேல் உட்கார்ந்து லயத்துக்குத் திரும்பும் நான்கு பெண்களும்.