ஒரகடத்திலிருந்து ஒரு கீப்பருக்கு

ஒரகடம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

மூன்று நாள் வேலை என்று சொல்லிக் கிளம்பியவன் இன்னும் ஒரகடத்திலேயே கிடக்கிறேன். எங்கள் பட்டறையிலிருந்து அனுப்பிய 2,000 பீஸில் 11 பீஸுக்குத் துளை பெரிதாகிவிட்டதாம். லாட்டையே நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொன்றாக கேஜ் விட்டுப் பார்த்து, ஓகே ஆனால்தான் லைனுக்குப் போகும். ஒழுங்காக இருக்கிற 1,989 பீஸைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சரி, அதைச் சொல்லி அழுவதற்கு இந்தக் கடிதம் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு விக்கெட் கீப்பர்.

நீ இந்தப் பக்கம் வந்து பத்து வருஷமாவது இருக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் மேம்பாலம். விடிவதற்குள்ளேயே அதன் கீழே ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டிவிடுகின்றன. ரெனோ, பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய கேட்டுகள். அவர்களை நம்பி எங்களைப் போன்ற சில்லறைகள். பிரியாணிக் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஜப்பானிய எழுத்தில் போர்டு தொங்குகிறது. எதிர்த்த டீக்கடைக்காரருக்கு அந்த பாஷையில் 'சர்க்கரை கம்மி' சொல்லத் தெரிகிறது.

நான் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் பின்னால் கட்டடம் ஏறாத மனை ஒன்று. செம்மண், சரளைக்கல், மூன்று பக்கமும் சீமைக்கருவேலம். இன்று காலை ஆறரைக்கு அங்கே கூச்சல். எட்டிப் பார்த்தால் டென்னிஸ் பால் மேட்ச். மூன்று இரும்புக் கம்பியை ஒரு தகட்டில் வெல்டு அடித்து ஸ்டம்ப் செய்திருக்கிறார்கள். எந்த கம்பெனி மெயின்டனன்ஸ் ஆளின் கைவண்ணமோ, மூன்று கம்பிக்கும் இடைவெளி அளந்து வைத்த மாதிரி இருந்தது. இறங்கிப் போய்க் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே ஒரு சட்டம். பந்து கீப்பரைத் தாண்டி முள்ளுக்குள் போனால் கீப்பர்தான் போய் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆடிய அணியின் கீப்பர் நாலு தடவை உள்ளே போய் வந்தான். வெளியே வரும்போது ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றி முள்ளைப் பிடுங்கினான். இந்தப் பக்கத்துக் கீப்பர் எட்டு ஓவரில் ஒருதடவைகூடப் போகவில்லை.

இந்தப் பையனைத்தான் சொல்ல வந்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கிறான். யூனிஃபார்ம் பேன்ட், மேலே பனியன். கையில் கிளவுஸ் இல்லை. உள்ளங்கையில் ரப்பர் பூசிய துணிக் கையுறை, ஷீட் மெட்டல் எடுக்கப் போடுவார்களே, அது. ஓரளவு வேகமாகவே போடுகிற பந்துவீச்சாளருக்கும் ஸ்டம்புக்கு ஒட்டியே நிற்கிறான். சரளைக்கல்லில் பட்ட பந்து எங்கே போகும் என்று அந்தக் கல்லுக்கே தெரியாது. இவன் குந்தியபடியே இருந்து, பந்து எழும்பும்போதுதான் கூடவே எழும்புகிறான். விரல் தரையைப் பார்க்கிறது. பந்தை எட்டிப் பிடுங்குவதில்லை, வரவிட்டு வாங்குகிறான். சத்தமே வரவில்லை மாப்ளே. நீ சொல்வாயே, நல்ல கீப்பரைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம் என்று. அது.

பக்கத்தில் இன்னொருவரும் வந்து உட்கார்ந்தார். அதே லாட்ஜில் தங்கியிருக்கும் ஜப்பான்காரர், மெஷின் பொருத்த வந்த எஞ்சினியர், ஐம்பது தாண்டியவர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஐம்பது அறுபது இங்கிலீஷ் வார்த்தை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையனைச் சுட்டி, "கால்" என்றார். நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காலைப் பார்த்திருக்கிறார். பந்து வருவதற்கு முன்பே பையனின் கால் இடம் மாறிவிடுகிறது. பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

ஒசாகாக்காரர். பள்ளிக்கூட பேஸ்பால் அணியில் ஷார்ட் ஸ்டாப்பாக இருந்தவராம். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஆள். காவல் காக்கச் சொந்தமாக ஒரு பேஸ் கிடையாது. ஆனால் தரையோடு வருகிற கஷ்டமான பந்தெல்லாம் அவனிடம்தான் வரும். எடுத்து, திரும்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் அவனுக்கு 6 என்று நம்பர். தப்பு விட்டால் அந்த 6-க்கு எதிரே 'எரர்' என்று எழுதிவிடுவார்கள், ஆயுசுக்கும் அழியாது. கிரிக்கெட்டில் கேட்ச் விட்டால் எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டார். எழுதுவதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பைஸ் மட்டும் எழுதுவோம், அது கீப்பர் தலையில்தான் விழும் என்றதும், பதினோரு பேரில் ஒருவனுக்கு மட்டும்தான் கணக்கா என்று சிரித்தார். நாற்பது வருஷமாக ஸ்கோர் எழுதுகிற எனக்கு இது உறைத்ததே இல்லை.

அவர் ஆள் யோஷியோ யோஷிதா. ஹன்ஷின் டைகர்ஸின் பழைய ஷார்ட் ஸ்டாப், குள்ளமான மனிதர். பிற்பாடு 1985-இல் அதே அணிக்கு மேனேஜராக இருந்து ஜப்பான் சீரிஸ் ஜெயித்துக் கொடுத்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது இவர் கை தானாகத் தரையைத் துழாவியது.

இதை எழுத உட்காருமுன் போனில் ஷார்ட் ஸ்டாப்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பால்டிமோரில் மார்க் பெலாஞ்சர் என்று ஒருவர். எட்டு கோல்டு கிளவ் விருது, ஆனால் மட்டையில் சராசரி .228. கை நன்றாக இருந்தால் போதும், அடிப்பதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று அத்தனை வருஷம் வைத்திருந்தார்கள். அவர் போன மறு வருஷம், 1982-இல், அதே இடத்துக்கு ஆறடி நாலங்குல கேல் ரிப்கென் வந்தார். அவர் அடித்த ஹோம் ரன் 431. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆள் தேடும்போது, அடிப்பானா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இதைப் படித்ததும் தூக்கம் போயிற்று. நம் கதைதானே இது? நீயும் நானும் கல்லூரி மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் கீப்பர்களுக்கு நம்பர் போடுவோமே, அந்தப் பட்டியலை இன்றைக்குத் திரும்பப் போட்டேன்.

பரத் ரெட்டியில் ஆரம்பிப்பேன், நீ ஆட்சேபித்தாலும். 1979-இல் வெங்கட்ராகவன் தலைமையில் இங்கிலாந்து போன அணியில் கிர்மானி இல்லை, நம் ஆள் இருந்தார். நான்கு டெஸ்ட்டும் ஆடினார். ஓவலில் 438 துரத்தி, கவாஸ்கர் 221 அடித்து, 429-க்கு 8 என்று நின்றுபோனதே, அந்த முடிவில் களத்தில் இருந்த இருவரில் ஒருவர் ரெட்டி. அதோடு அவர் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது. அவர் எவ்வளவு அடித்தார் என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பெலாஞ்சர் காலம். பிறகு செம்ப்ளாஸ்ட் கம்பெனியின் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ பையன்களை வளர்த்துவிட்டார். அது தனிக் கடிதம்.

தினேஷ் கார்த்திக்கில்தான் நமக்குள் சண்டை. 2004 செப்டம்பரில் லார்ட்ஸ். முதல் ஒருநாள் ஆட்டம், 19 வயது. ஹர்பஜன் பந்தில் மைக்கேல் வானைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்தான். அந்த ஒரு ஸ்டம்பிங்குக்காக நீ மூன்று நாள் சாப்பிடாமல் பேசினாய். அதே வருஷம் டிசம்பரில் சிட்டகாங்கில் ஜார்க்கண்ட்காரர் ஒருவர் இறங்கி, ரன்னே எடுக்காமல் ரன் அவுட் ஆனார். மறு வருஷம் டிசம்பரில் அந்த ஜார்க்கண்ட்காரருக்கு டெஸ்ட் தொப்பி கொடுத்தார்கள். எங்கே? சேப்பாக்கத்தில். கார்த்திக்கின் வீட்டு வாசலிலேயே அவன் நாற்காலியை எடுத்துப் போட்டாயிற்று. 2007-இல் இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தவன் கார்த்திக், 263. ஆனால் ஓப்பனராக. கிளவுஸ் அந்த ஜார்க்கண்ட்காரர் தோனி கையில். நிதாஹாஸ் கோப்பையில் எட்டுப் பந்தில் 29 அடித்த கதை ஊருக்கே தெரியும். அவன் கை எப்படி இருந்தது என்று கேட்டுப் பார், உன்னையும் என்னையும் தவிர எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

இப்போது நான் கட்சி மாறுகிறேன், கோபப்படாதே. பாடப் புத்தகத்துக்குக் கார்த்திக்தான் அழகு. ஆனால் ஸ்டம்புக்குப் பக்கத்தில் தோனிக்கு நிகர் இல்லை. நமக்கெல்லாம் பந்தோடு கையைப் பின்னால் கொடு என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த மனுஷன் கொடுப்பதில்லை. வாங்குகிற போதே கை ஸ்டம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 2025 மார்ச்சில் நூர் அகமது பந்தில் சூர்யகுமாரைத் தூக்கியபோது 0.12 வினாடி என்று டிவியில் போட்டார்கள். வயது 43. சின்ன வயதில் ஃபுட்பால் கோல்கீப்பர். யாரும் சொல்லித் தந்து இந்தக் கை வந்திருக்க முடியாது.

அடுத்தது நம் கோயம்புத்தூர் ஜெகதீசன். 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. லிஸ்ட் ஏ ஆட்டங்களில் உலக சாதனை, அதுவும் தொடர்ந்து ஐந்தாவது சதம். அதற்குச் சில நாள் முன்புதான் சென்னை சூப்பர் கிங்ஸ் அவனை விடுவித்திருந்தது. 2025-இல் பந்த்துக்குக் கால் உடைந்ததும் ஓவல் டெஸ்ட்டுக்கு அழைத்தார்கள், ஆடவைக்கவில்லை. ரெட்டி நின்ற அதே ஓவல். இவனைப் பற்றி நூறு கட்டுரை படித்துவிட்டேன், ஸ்பின்னுக்கு எப்படி நிற்கிறான் என்று ஒருவரும் எழுதவில்லை. என் மார்க்: மட்டைக்கு எட்டு, கைக்கு ஏழு. கைக்குப் போட்ட மார்க்கை நேரில் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளத் தயார்.

சேப்பாக்கத்து மஞ்சள் அணிக்கு சஞ்சு சாம்சன் வந்துவிட்டான். போதாதென்று ராஜஸ்தானிலிருந்து 19 வயதுக் கார்த்திக் சர்மாவை 14.20 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தக் கோடியெல்லாம் சிக்ஸருக்கு. கிளவுஸ் இலவச இணைப்பு.

அப்புறம், நம் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்று உன் மகள் திட்டியது நியாயம்தான். மதுரை கமலினியைச் சேர்த்துவிட்டேன். 16 வயதில் மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடி கொடுத்து எடுத்த கீப்பர். 2025-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தவள். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அவுட் ஆகாமல் 56. வெள்ளிக்கிழமை வல்லம் வடகால் பக்கம் போனபோது, 18,720 பெண் தொழிலாளிகள் தங்கலாம் என்று சிப்காட் கட்டியிருக்கும் குடியிருப்பைப் பார்த்தேன். ஐடி கார்டு கழுத்தில் ஆட, ஷிஃப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாக இறங்குகிறார்கள். இத்தனை பேரில் எத்தனை ஜோடி கை இருக்குமோ, யார் பார்த்தார்கள்?

மேட்ச் முடிந்ததும் அந்தப் பையனிடம் பேசினேன். விழுப்புரம் பக்கம். டிப்ளமா முடித்து ட்ரெயினியாக இருக்கிறான். லீக் கிரிக்கெட் ஏதாவது ஆடினாயா என்றேன்.

"மூணு வருசம் முன்னாடி ஒரு செலக்சன் போனேன் சார். பேட்டிங் எந்த நம்பர்னு கேட்டாங்க. ஒன்பதுன்னேன். சரி, போய்ட்டு வாப்பான்னுட்டாங்க."

"கீப் பண்ணச் சொல்லிப் பார்க்கவே இல்லையா?"

"நெட்ல பந்து அள்ளிப் போடச் சொன்னாங்க சார்."

இதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஜப்பான்காரர் என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அவர் பையனின் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்தார். வலது மோதிர விரல் முதல் கணுவில் வளைந்திருக்கிறது, உன்னுடையதைப் போலவே. அவர் தன் கையையும் நீட்டிக் காட்டினார். அதிலும் ஒன்று.

எங்கள் லாட் வியாழக்கிழமைக்கு முன்னால் விடுபடாது என்று தெரிகிறது. அடுத்த ஞாயிறும் இங்கேயே இருந்தாலும் ஆச்சரியப்படாதே. உன் பரணில் அந்தப் பழைய கிளவுஸ் இன்னும் இருக்கிறதா, இன்னருடன்? எலி கடிக்காமல் இருந்தால் கூரியரில் போடு. லாட்ஜ் முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. அவன் கை உன் சைஸ்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உன் ஸ்கோரர்